படிப்படியாகத்தான்

கில்ஸ்பி ஊராட்சி மன்றத்துக்குச் சொத்து என்று பார்த்தால் ஒரு தகரக் கூடம், ஒழுகுகிற தேநீர்க் கெண்டி, அப்புறம் ஒரு சொல். கூடத்தின் கூரையைக் காற்று அவ்வப்போது தூக்கிக்கொண்டு போகும். யாராவது வயலில் தேடி எடுத்து வருவார்கள். சொல் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. மன்றத் தலைவர் மேஜர் ஹேக்ஸ்பி அதை அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். கிராஜுவல் என்பது அந்தச் சொல். அதாவது, படிப்படியான.

யார்க்‌ஷயரின் கிழக்குக் கரை முழுக்கக் களிமண். கடல் அதைத் தின்கிறது. கில்ஸ்பியில் தேவாலயம் போய்விட்டது, அதன் பிறகு கலங்கரைச் சாலை, இரண்டு பண்ணைகள், ஒரு மதுக்கடை. மதுக்கடைக்குத்தான் ஊர் நிஜமாகத் துக்கம் அனுசரித்தது. கல்லறைத் தோட்டத்தில் பாதி போய், மீதிப் பாதி மேட்டுக்கரையின் விளிம்பில் வரிசை வரிசையாக நின்றது, பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல, யாரும் யாரையும் இடிக்காமல்.

எனிட் ஸ்டேதரின் புருஷன் வில்ஃப் இப்போது வரிசையில் முதல் ஆள்.

அவரைத் தோண்டியெடுத்து கடலை விட்டுத் தள்ளியிருந்த புதுக் கல்லறைக்கு மாற்ற பிஷப் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பிஷப் அலுவலகமோ, உடனடி ஆபத்து உண்டா என்று ஊராட்சி மன்றத்தைக் கேட்டிருந்தது. அதற்குப் பதில் எழுதத்தான் நவம்பர் மாதக் கூட்டம்.

"உட்காருங்க, மிசஸ் ஸ்டேதர்" என்றார் மேஜர். "எல்லாத்தையும் பரிசீலிச்சாச்சு. கரை அரிப்பு படிப்படியானது. அப்படித்தான் பதில் போகுது."

"நான் உட்கார வரல, மேஜர். வில்ஃப் தலைமாட்டுக்குப் பின்னாடி புல்லுல வெடிப்பு விட்டிருக்கு. என் கை உள்ள போகுது."

"வெடிப்பு விடுறது மண்ணோட இயல்பு."

"விழுறதும் அதோட இயல்புதானே?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேஜர் மீசையை ஒதுக்கினார். "நூறு வருஷத்துச் சராசரி எடுத்திருக்கோம், மேடம். வருஷத்துக்கு ஆறடி. பதற்றப்பட ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஆறடி மனுஷனுக்கு ஒரு வருஷம்னு வெச்சுக்கலாமா? வில்ஃப் அஞ்சே முக்கால்தான்."

"உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது" என்று சொல்லி மேஜர் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் தேநீர்க் கெண்டி. அதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

உண்மை என்னவென்றால் கில்ஸ்பியின் கரை ஒருபோதும் சராசரியாக விழுந்ததில்லை. சில குளிர்காலங்கள் ஒரு கட்டிகூட உதிராமல் சாதுவாக நிற்கும். பிறகு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஜனங்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஒரு துண்டு பெருமூச்சு விட்டு இறங்கிவிடும். மேஜர் அதை எடுத்து நூறால் வகுப்பார். வகுத்தால் உலகத்தில் எல்லாமே படிப்படியானதுதான். கூரையிலிருந்து விழுந்து செத்தவனைக்கூட அவன் ஆயுளால் வகுத்துப் பார்த்தால், தினம் ஒரு நூல் அளவு நிதானமாக இறங்கிவந்தான் என்று நிரூபித்துவிடலாம்.

இதுகூடப் பரவாயில்லை. வெள்ளை முளைக்கம்பு ஒன்று இருந்தது. வசந்தத்தில் ஊர் எல்லையைச் சுற்றி நடக்கிற நாளன்று பாதிரியார், பாடகர் குழு, நாய்கள் எல்லாம் பின்தொடர, மேஜர் அந்தக் கம்பிலிருந்து கரை விளிம்புவரை டேப் பிடித்து அளப்பார். பழைய வரைபடத்தின்படி ஊரின் கிழக்கு எல்லை கடலுக்குள்ளே எங்கோ இருந்தது. அந்தத் திசையில் தொப்பியைத் தூக்கி, "அங்கே" என்று மரியாதை செய்துவிட்டு அளவைச் சத்தமாகப் படிப்பார். கம்பு கடலுக்குள் போய்விட்டால், விதிப்படி விளிம்பிலிருந்து முப்பது கஜம் தள்ளிப் புதுக் கம்பு நடுவார்கள். ஆகையால் அடுத்த வருஷமும் அளவு ஏறக்குறைய முப்பது கஜம் வரும். எத்தனையோ கம்புகள் போயின. கரை மட்டும் மன்றத்தின் கணக்கில் இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பு நகர்கிறது என்பது கூட வந்த நாய்களுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் எல்லோரும் கைதட்டினார்கள், ஏனென்றால் கைதட்டி முடித்தால் பன் கொடுப்பார்கள்.

எனிட்டுக்கு அந்தச் சொல்லோடு வேறு ஒரு பழைய பகை இருந்தது. வில்ஃப் படுக்கையில் விழுந்தபோது டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "இறக்கம் படிப்படியா இருக்கும், மிசஸ் ஸ்டேதர், தயாராகிக்க நேரம் கிடைக்கும்" என்றார். மறுநாள் காலை இரண்டு கரண்டி ஓட்ஸ் கஞ்சிக்கு நடுவில் வில்ஃப் போய்விட்டார். மூன்றாவது கரண்டியை அவள் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் கவனித்தாள்: பெரிய மனிதர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வங்கி மேலாளர் முன்னேற்றம் படிப்படியானது என்கிறார். பாதிரியார் தேவனுடைய ராஜ்யம் படிப்படியாக வருகிறது என்கிறார். ரயில்வேக்காரர்கள் கிளைப்பாதையைப் படிப்படியாக மூடுவதாகச் சொல்லி ஒரு திங்கட்கிழமை தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தச் சொல்லைச் சொன்னவன் எவனும் நடக்கிற நேரத்தில் அந்த இடத்தில் இருந்ததில்லை.

கெஞ்சிக் கேட்கிற பழக்கம் எனிட்டுக்குக் கிடையாது. ஆனால் வில்ஃபுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கரையோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடற்கரையில் இறங்காத மனிதர் அவர். சின்ன வயதில் அவருடைய அண்ணன் படகோடு போனவன். அலை அவனை நாலு நாள் கழித்து, முகம் இல்லாமல், திருப்பித் தந்தது. அதற்கப்புறம் வில்ஃப் குளிக்கும் தொட்டியில்கூடக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் விடமாட்டார். "எங்க வேணா போடு, எனிட். குப்பைமேட்டுல போடு. தண்ணிக்கு மட்டும் விட்டுடாதே." அவர் கேட்டது அது ஒன்றுதான். பாவம், தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் அப்போது விளிம்பிலிருந்து நல்ல தூரத்தில் இருந்தன.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை வழக்கம்போல வாளியும் தேய்கல்லும் எடுத்துக்கொண்டு எனிட் வாசலுக்கு வந்தாள். தெரு முழுக்கப் பெண்கள் முழங்காலிட்டு அவரவர் வாசற்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்த பாதிரியார் ரெவரெண்ட் டிப்பெட் இதைக் கண்டு பூரித்துப்போய், சுத்தம் தெய்வத்துக்கு அடுத்தபடி என்று கில்ஸ்பியை உதாரணம் காட்டி ஒரு பிரசங்கமே செய்திருந்தார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அவருடைய வீட்டில் யாரும் செத்ததில்லை, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

அவள் வாசற்கல்லில் களிமண் அப்பிய ஈரமான வெறும் காலடி ஒன்று இருந்தது. இடது கால். சுண்டுவிரல் இல்லை. வில்ஃப் பதினாறு வயதில் அரிவாளுக்குக் கொடுத்த விரல் அது.

செப்டம்பரில் அந்தச் சுவடு தெருமுனையில் இருந்தது. அக்டோபரில் கேட். பிறகு நடைபாதையில் ரோஜாச் செடிப்பக்கம். எல்லாம் வீட்டைப் பார்த்து வருகிற சுவடுகள். திரும்பிப் போகிற சுவடு ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டு நெல்லி பிளாஷில் தன் கல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தை யாரும் யாரிடமும் வாய்விட்டுப் பேசியதில்லை. மழை, பன்றி விலை, ராணியின் தொப்பி, இவைதான் தெருவில் பேசத்தக்கவை.

"வாசலுக்கு வந்தாச்சா?" என்றாள் நெல்லி, மழையைப் பற்றிக் கேட்கிற குரலில்.

எனிட் தன் வாளியைக் கீழே வைத்தாள். "ம். இன்னிக்குத்தான்."

"எங்கப்பா போன குளிர்காலமே அடுப்படிக்கு வந்துட்டாரு. உயிரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாராடி, மனுஷன்? இப்ப தினம் வந்து நாற்காலிய நனைச்சு வெச்சுட்டுப் போறாரு."

"உங்கப்பா கல்லறையோட விழுந்தவரு, நெல்லி. கடலுக்குள்ள இருக்காரு. வர்றாருன்னா அர்த்தம் இருக்கு. வில்ஃப் இன்னும் மண்ணுலதானே இருக்காரு? ஏன் வரணும்?"

நெல்லி கல்லை வாளிக்குள் போட்டாள். "எங்கம்மா சொல்லுவா, எங்கப்பாவுக்கு எதையும் கடைசி நிமிஷத்துல செய்யப் பிடிக்காதுன்னு. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிப்பாராம். உங்காளு அவரைவிடப் பயந்தவரு. அலை சத்தம் காதுக்குப் பக்கத்துல கேக்குதுல்ல? முன்கூட்டியே கிளம்பிட்டாரு."

அதைக் கேட்டதும் எனிட்டுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ஏற்கெனவே முழங்காலிட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு அடித்த காற்றில் கரை விழவில்லை. ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தபோது வெடிப்பில் கை போய், முழங்கை வரை போய், தோள் வரை போயிற்று. உள்ளே கீழிருந்து கடலின் குளிர்ந்த மூச்சு அவள் விரல்களில் பட்டது. எனிட் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு நேராக மேஜர் வீட்டுக்கு நடந்தாள்.

மேஜரின் பங்களா ஊரின் மேற்குக் கோடியில், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இருந்தது. ஊருக்குப் படிப்படி என்று சொல்கிறவர், தான் மட்டும் அரை மைல் முன்னெச்சரிக்கையோடு குடியிருந்தார். மணி அடித்தாள். வெகுநேரம் கழித்து மேஜரே வந்து கதவைத் திறந்தார். கழுத்துப் பட்டை இல்லை; சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்; கையில் தரை துடைக்கிற துணி. மேஜர் ஹேக்ஸ்பியைத் துடைதுணியோடு பார்த்தவர் கில்ஸ்பியில் அதுவரை யாரும் கிடையாது.

"வேலைக்காரி வரலையா, மேஜர்?"

"காலைல நேரத்தோட வரவேணாம்னு சொல்லியிருக்கேன்." துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கப் பார்த்ததால்தான் எனிட் அவருக்குப் பின்னாலிருந்த தரையைப் பார்த்தாள்.

கூடத்துத் தரைவிரிப்பைச் சுருட்டி ஓரம் கட்டியிருந்தார். வெறும் பலகையில், முன்கதவிலிருந்து உள்நோக்கி, சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தன. இருபது முப்பது இருக்கும். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் டேப் கிடந்தது. அதற்கு முன்னால், இன்னும் துடைக்காத ஒரு சுவடு. சின்னக் கால். பெண்ணின் கால். அந்தச் சுவட்டில் நின்றது மழைத் தண்ணீர் இல்லை. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

எனிட் எதற்காக வந்தாள் என்பது ஒரு கணம் அவளுக்கே மறந்தது. "செசிலி அம்மாவா?"

மேஜர் கதவைச் சாத்தினார். பிறகு திறந்தார். பிறகு சாத்தினார்.

மேஜரின் மனைவி செசிலி ஹேக்ஸ்பியின் கல்லறை இருந்த வரிசை இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு மதியம் போயிற்று. அம்மாவை மாற்றிவிடலாம் என்று அவர் மகள் லீட்ஸிலிருந்து இரண்டு முறை வந்து கெஞ்சியது ஊருக்கே தெரியும். வந்தவளுக்கும் மேஜர் அதே பதிலைத்தான் கொடுத்தார். ஒவ்வொரு சரிவுக்கும் பிறகு குழிவெட்டி ஆமஸ் மெட்ஃபோர்த் கீழே மணலில் இறங்கி, கிடைப்பதையெல்லாம் பொறுக்கி ஒரே தேயிலைப் பெட்டியில் போடுவார். எல்லோரையும் ஒரே குழியில் போட்டு, "கில்ஸ்பி மக்கள்" என்று ஒரு கல் நடுவார்கள். செசிலியின் சவப்பெட்டி மணலில் இறங்கவே இல்லை. அலை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"டீ போடவா?" என்றார் மேஜர். ஆங்கிலேயருக்கு வேறு வாக்கியம் கிடைக்காதபோது இதுதான் கிடைக்கும்.

"வேணாம், மேஜர். உங்க பதிலை மாத்தி எழுதுங்க. உடனடி ஆபத்துன்னு ஒரு வரி. ஒரு சொல்லை எடுத்துட்டு இன்னொரு சொல்லைப் போடணும், அவ்வளவுதான். என் தோள் வரைக்கும் உள்ள போகுது."

"முடியாது, மிசஸ் ஸ்டேதர்."

"ஏன் முடியாது?"

மேஜர் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இப்ப எழுதினா, அன்னிக்கே எழுதியிருக்கணும்னு ஆகும்."

எனிட் இந்த மனிதரை ஆறேழு வருஷமாக வெறுத்துவந்தாள். நல்ல, திடமான, பயனுள்ள வெறுப்பு. இப்போது அது கைநழுவுவதைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அந்தச் சொல் பொய் இல்ல" என்றார் அவர், அவசரமாக. "நீங்களே பாருங்க. அளந்திருக்கேன். முதல்ல கேட்டுக்கு வெளியே. அப்புறம் சரளைக்கல் பாதை. ஒரு தடவைகூடத் தாவல. ஒவ்வொரு வாரமும் ஒரு அடி, ஒண்ணேகால் அடி. இந்த வேகத்துல பார்த்தா படுக்கையறைக் கதவுக்கு ஈஸ்டர் ஆகிடும். அதுக்குள்ள நான்..." நிறுத்தினார். "அதுக்குள்ள என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சுடுவேன்."

"நீங்க அளந்த கரையும் இப்படித்தானே சாதுவா இருந்துச்சு?" எனிட் குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "இன்னிக்கு ராத்திரியே வந்து கட்டில் பக்கத்துல நின்னுட்டாங்கன்னா?"

மேஜரின் முகம், விடியற்காலையில் வெள்ளையடிக்கப்பட்ட சுவர்போல ஆயிற்று. வெள்ளைக் கம்பு, டேப், மன்றம், மீசை, எல்லாம் அந்த முகத்திலிருந்து விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தவர் சட்டைக்கை நனைந்த ஒரு கிழவர்.

"நான் எழுத மாட்டேன்" என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஊர் பூராவும் பிரசங்கத்துல இருக்கும். டிப்பெட் ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா விடமாட்டான். சவ வண்டிக் கொட்டகைச் சாவி என்கிட்டதான் இருக்கு. உங்க வில்ஃப் என் கிழங்கு வயல்ல பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாரு. அங்க ஈரமே நிக்காது."

"அனுமதி இல்லாமலா?"

"சட்டப்படி இது குற்றம்" என்றார் மேஜர். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது, பழக்கம்.

ஆமஸ் மெட்ஃபோர்த்தைச் சம்மதிக்க வைப்பது அதைவிடச் சிரமமாக இருந்தது.

"உத்தரவு இல்லாமத் தோண்டினா என் வேலை போயிடும், எனிட் கண்ணு."

"தோண்ட இடமே இல்லாமப் போகப்போகுது. அப்புறம் என்ன வேலை உனக்கு?"

"அதுவும் சரிதான்" என்று ஆமஸ் யோசித்தார். "மேஜரே வர்றாரா? கைல மண்ணு படுமா? அப்ப வர்றேன். இதைப் பார்க்காம எப்படிச் சாகுறது?"

ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. தேவாலயம் போனபின் ஆராதனை நடக்கிற தகரக் கூடத்திலிருந்து ஊர் மொத்தமும் பாடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. கிழங்கு வயலில் குழியை முந்தின நாளே, உருளைக்கிழங்கு பதுக்கி வைக்க என்று சொல்லி, ஆமஸ் வெட்டி வைத்திருந்தார். "ரொம்ப ஆழமாப் பதுக்குறீங்களே" என்று கேட்ட ஒருவரிடம், "மேஜர் வீட்டுக் கிழங்கு, மரியாதை வேணாமா?" என்றாராம்.

வில்ஃபின் மேலிருந்த மண்ணை ஆமஸ் எடுத்தார். விளிம்புப் பக்கம் கால் வைக்காமல், வெடிப்புக்கு இந்தப் பக்கம் பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வெட்டினார். மேஜர் கனமான கோட்டும் பதக்கங்களும் அணிந்து வந்திருந்தார். சட்டவிரோதமான காரியத்துக்கு என்ன உடுப்பது என்று ராணுவத்தில் சொல்லித்தரவில்லை போலும். பெட்டி தெரிந்தது. ஓக் மரம், களிமண்ணில் கறுத்து, ஆனால் கெட்டியாக இருந்தது. கயிறு மாட்டினார்கள். மறுமுனையை மேஜர் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"இழுக்கட்டா, சார்?" என்றார் ஆமஸ்.

"பொறு. எல்லாரும் சேர்ந்து. அப்படியே... அவசரம் வேணாம், மெட்ஃபோர்த். படிப்படியா. படிப்படியா! தலைப்பக்கம் முதல்ல... இப்ப கொஞ்சம்... படிப்படியா..."

கயிறு உள்ளங்கையை அறுத்தது. பெட்டி அங்குலம் அங்குலமாகச் சாய்ந்து, எழுந்து, பலகையில் ஏறியது. அந்தச் சொல் ஒரு வேலை செய்து எனிட் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சவ வண்டியின் சக்கரங்களுக்கு மேஜர் தானே எண்ணெய் போட்டிருந்தார். வயல் கதவைத் திறந்துவைக்க ஆமஸ் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். எனிட்டும் மேஜரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கே போகிற மண்பாதையில் வண்டியைத் தள்ளினார்கள். பாதை மெல்ல ஏறிக்கொண்டே போனது. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

பழைய ரயில் பாதையைத் தாண்டியபோது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. மிகப் பெரிய யாரோ ஒருவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டது போல இருந்தது. காலடியில் நிலம் ஒரு கணம் நடுங்கி அடங்கியது. கூடத்தில் பாட்டு நிற்கவில்லை. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜர் வழக்கப்படி தொப்பியைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு கையும் வண்டியில் இருந்தன.

எனிட் பெட்டியின் மூடியில் ஒரு கை வைத்தாள். "காஞ்சுதான் இருக்கீங்க, வில்ஃப்" என்றாள். "ஒரு சொட்டுப் படல." மழை தூறிக்கொண்டிருந்ததால் இது முழு உண்மை இல்லை, ஆனாலும் வில்ஃப் மழையைப் பற்றி ஒருபோதும் குறை சொன்னதில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு மேஜர், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "பின்னால யாராவது பாக்குறாங்களா?" என்று கேட்டார். ஊர்த் தலைவராக இருப்பவருக்கு அந்தக் கவலை இயல்புதான்.

எனிட் திரும்பினாள்.

பாதை வெறுமையாக இருந்தது. கடல் இருந்த பக்கம் பனிமூட்டம். ஈரமான களிமண்ணில் வண்டிச் சக்கரத்தின் இரண்டு தடங்கள் தெளிவாக விழுந்திருந்தன. அவற்றுக்கு இடப்பக்கம் அவளுடைய செருப்புத் தடம். வலப்பக்கம் மேஜரின் ராணுவப் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் தடங்களுக்குப் பக்கத்தில், அவற்றைத் தொட்டும் தொடாமலும், சின்ன வெறுங்கால்கள் வந்துகொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்து கஜம் தள்ளி, களிமண் ஒரு கால் அளவுக்கு அமுங்கி, உப்புத் தண்ணீர் சுரந்து நிரம்பியது. அப்புறம் நின்றது. அப்புறம் இன்னொன்று. ஏற்றத்தில் ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்குமே, அதுபோல ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. வந்த பயத்தை வில்ஃபின் பெட்டிமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாராவது வர்றாங்களா, எனிட்?" மேஜர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"வர்றாங்க" என்றாள் எனிட். "நம்ம வேகத்துக்கு அவங்களால முடியல."

யார் என்று மேஜர் கேட்கவில்லை. திரும்பவும் இல்லை. பிறகு அவர் நடையைக் குறைத்தார். முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம்.